பாதி வேகத்தில் கண்விழிக்கும் ஐ.சி.

பரிமளாவுக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். கத்தத் தெரியாது. கை மட்டும் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு விறுவிறுவென்று செய்யும். வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற அவளுடைய ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். வீரம்மாள் மகள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால் அன்றைக்கு அந்த வீட்டுப் பாத்திரமெல்லாம் பளபளவென்று ஆகிவிடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

கோபப்படக் காரணம் தேடிப் போகவேண்டிய நிலையில் அவள் எப்போதும் இருந்ததில்லை. அப்பா தங்கசாமி கல் குவாரியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா வீரம்மாள் சின்ன வெங்காயக் காட்டில் களையெடுக்கவும் அறுக்கவும் போகிறவள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் பரிமளா. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸுக்குப் போனபோது, உங்கள் வகையறாவில் வேறு யாருமே படிக்கவில்லையா, நன்றாக யோசித்துச் சொல் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சந்தேகம், இவளுக்கு அவமானம். எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் செல்போன் சார்ஜர்களைச் செருகிப் பிடுங்கிச் சோதிக்கும் வேலை கிடைத்தது. அதைச் செய்ய நான்கு வருஷப் படிப்பு எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. ஊருக்கே திரும்பிவிட்டாள். திரும்பி வந்தவளை யாரும் திட்டவில்லை. அதுவும் கோபமாகத்தான் இருந்தது.

பிறகு பெரம்பலூர் துறைமங்கலத்தில் வேணுகோபாலின் பட்டறையில் சேர்ந்தாள். ஆலைகளுக்கும் மில்களுக்கும் மோட்டாரை இயக்கும் கண்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கிற இடம். வேணுகோபால் கெட்டவர் இல்லை. ஒயர் இணைப்பதில் கெட்டிக்காரர். எதிலும் ஒரு ஒயரை மிச்சம்பிடிக்கப் பார்ப்பார். ஆனால் போர்டு, புரோகிராம் என்றால் அவருக்குக் கொஞ்சம் பயம். அதற்காகத்தான் பரிமளாவை வைத்துக்கொண்டார். அவளுடைய படிப்புக்கு வேலை கொடுத்த முதல் மனிதர் அவர்தான் என்பதை அவளும் மறக்கவில்லை.

கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் அமிர்தலிங்கம் என்பவர் மாட்டுத்தீவன மில் நடத்துகிறார். அங்கிருந்து வந்ததுதான் பரிமளாவின் முதல் சொந்த வேலை. மில்லில் எட்டுத் தொட்டிகள். மக்காச்சோளம், தவிடு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, உளுந்துப் பொட்டு என்று ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கு. ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் ஒரு இரும்புத் திருகு சுற்றி, சரக்கைத் தள்ளிக்கொண்டு போய்க் கலக்கும் இடத்தில் கொட்டும். எந்தத் திருகு எவ்வளவு வேகம் சுற்றுகிறதோ அந்த அளவுக்குச் சரக்கு விழும். அதுவரை அங்கே வேலை செய்யும் பெண்கள் கண்ணால் பார்த்து, மோட்டாரைப் போட்டும் நிறுத்தியும் அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி ஒரு திரையில் தொட்டால் எட்டு மோட்டாரும் தத்தம் வேகத்தில் ஓட வேண்டும் என்று அமிர்தலிங்கம் கேட்டார்.

வேகத்தைச் சொல்வது வோல்டேஜ். பூஜ்யம் கொடுத்தால் மோட்டார் நிற்கும். பத்து கொடுத்தால் முழு வேகம். ஆனால் போர்டில் இருக்கும் மூளைக்கு எண் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணை வோல்டேஜாக மாற்றித்தர ஒரு ஐ.சி., அதாவது சின்னச் சில்லு, வேண்டும். டி.ஏ.சி. என்பார்கள். எட்டு மோட்டாருக்கு எட்டு வழி.

அதைத் தேர்ந்தெடுப்பதற்குப் பரிமளா பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் அவளுக்கு ஒரு பெருமை வரும். பெருமை வந்த வேகத்தில் எரிச்சலும் வரும். ஒற்றை வழி ஐ.சி. எட்டு வாங்கலாம் என்று முதலில் பார்த்தாள். மலிவுதான். ஆனால் ஒரே ஒயரில் இரண்டுக்கு மேல் மாட்டினால் எந்த ஐ.சி.யைக் கூப்பிடுகிறோம் என்பது அதற்கே தெரியாது. ஐ.சி.யே வேண்டாம், மூளையின் கால்களையே வேகமாகத் திறந்து மூடி வோல்டேஜ் எடுக்கலாம் என்றால் அத்தனை கால்கள் மிச்சமில்லை. நான்கு வழி ஐ.சி. இரண்டு போடலாம், விலையைக் கேட்டதும் வேணுகோபால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். கடைசியில் ஒரு எட்டு வழி ஐ.சி. அகப்பட்டது. அந்த இரண்டின் விலையில் இதை மூன்று வாங்கலாம். வேணுகோபால் அன்றைக்கு அவளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். காலேஜ் படித்த பெண் என்றால் இதுதான் என்று பக்கத்துப் பட்டறைக்காரரிடம் சொன்னார்.

போர்டை மேசையில் வைத்து முதல்முறை சுவிட்சைப் போட்டபோது மீட்டரில் ஒன்றைக் கவனித்தாள். எண் ஐந்துக்குப் போய் நின்றது. திரை வேணுகோபாலின் கம்பெனி முத்திரையைக் காட்டி முடித்த பிறகுதான் பூஜ்யத்துக்கு இறங்கியது. விவரக் குறிப்பைப் புரட்டினாள். அந்த ஐ.சி. அப்படித்தான். கரண்ட் வந்ததும், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், தானாகப் பாதி வோல்டேஜில் கண்விழிக்கும். அதை மாற்றவும் வழியில்லை. மூளை விழித்து, "பூஜ்யம்" என்று சொன்னால்தான் இறங்கும்.

வேணுகோபாலிடம் சொன்னாள். அவர் மீட்டரைப் பார்த்தார். ரெண்டு செகண்டு மோட்டார் சும்மா சுத்துனா என்ன, ஒரு கைப்பிடி தவிடு கூட விழும், மாடு திங்கப்போகுது என்றார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பின்னால் பல தடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பேனல் மில்லுக்குப் போனது. பழைய ஸ்டார்ட்டர் பெட்டிகளைக் கழற்றி ஒரு மூலையில் குவித்தார்கள். வேகத்தைப் பூஜ்யமாக்கினால் மோட்டார் நிற்கத்தானே போகிறது, தனியாக ஓடு, நில் என்று ஒயர் எதற்கு என்று வேணுகோபால், மோட்டாருக்கு ஒன்றாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் எட்டு டிரைவிலும் ஓடச் சொல்லும் முனையை நிரந்தரமாகச் சேர்த்து முறுக்கிவிட்டார். எட்டு ஒயர் மிச்சம். அன்று மாலையே திருகுகள் ஒழுங்காகச் சுற்றின. அடுத்த நாள் பரிமளா மட்டும் வந்து அளவுகளைச் சரிபார்ப்பதாக ஏற்பாடு.

காலையில் பஸ் பிடித்து, அரியலூரில் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே புழுதியைத் தின்றுகொண்டு கீழப்பழுவூரில் இறங்கினாள். மில்லில் மூன்று பெண்கள் மேல்தளத்தில் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூத்தவள் சின்னப்பிள்ளை. வாய் ஓயாதவள். டவுனிலிருந்து வந்த பொண்ணுக்குத் தவிடு தும்மலைக் கொடுத்துவிடும், மாஸ்க்கு போடச் சொல்லுங்கடி என்று மேலிருந்தே வரவேற்றாள். நான் டவுன் இல்லைக்கா, வேப்பந்தட்டைப் பக்கம் என்று பரிமளா சொன்னதும், அப்படியானால் தும்மமாட்டாள், திமிராக இருப்பாள் என்றாள்.

ஈரக் காற்றடிக்கிற காலம். தவிடு தொட்டிக்குள் பாலம் கட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் நிறைந்திருக்கும். உள்ளே கூடாக இருக்கும். திருகு வெறுமனே சுற்றும். பெண்கள் கட்டையால் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பரிமளா கீழே பேனல் கதவைத் திறந்துவைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிபோல் கரண்ட் போனது.

சத்தமெல்லாம் அடங்கியது. மேலே கட்டைகளைக் கீழே போடும் ஓசை. பரிமளா தற்செயலாக நிமிர்ந்தாள். மூன்று பெண்களும் மூன்று தொட்டிகளின் அடிப்பக்கத்தில், மேல்தளத்திலிருந்து எட்டும்படி இருக்கும் சிறிய மூடியை இழுத்துத் திறந்திருந்தார்கள். சின்னப்பிள்ளை தோள்வரை கையை உள்ளே விட்டு, கன்னத்தைத் தகரத்தில் சாய்த்து, கண்ணை மூடி, கன்று ஈன முடியாத மாட்டுக்குக் கைகொடுப்பவளைப்போல் எதையோ தேடி இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை இருந்தது திருகின் மேல்.

ஒரு கணம் பரிமளாவுக்கு அது என்னவென்றே புரியவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து புரிந்தது. பழைய ஸ்டார்ட்டர் கரண்ட் போனால் விழுந்துவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும், ஒரு ஆள் வந்து பச்சைப் பட்டனை அமுக்காமல் மோட்டார் அசையாது. இந்தப் பெண்கள் அந்த ஸ்டார்ட்டரை நம்பி இத்தனை காலம் கையை உள்ளே விட்டவர்கள். அந்த ஸ்டார்ட்டர் இப்போது மூலையில் கிடக்கிறது. இப்போது கரண்ட் வந்தால் அவள் வாங்கிய ஐ.சி. பாதி வேகத்தில் கண்விழிக்கும்.

கத்த வேண்டும். வாய் வரவில்லை. ஓடிப்போய் பேனலின் மெயின் சுவிட்ச் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். இழுத்த பிறகுதான் குரல் வந்தது.

"அக்கா, கைய எடுங்க. மூணு பேரும் எடுங்க."

சின்னப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். "இந்தா வந்துருச்சு, ஒரு கட்டிதான். கரண்ட்டு இல்லாதப்ப எடுக்காம பின்ன எப்ப எடுக்கிறது?"

அவள் அந்தக் கட்டியை எடுத்து வெளியே போட்ட கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் அறையில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. பரிமளா கைப்பிடியை விடவில்லை.

அமிர்தலிங்கம் வெளியே வந்தார். கரண்ட் வந்துவிட்டதே, ஏன் போடவில்லை என்றார். போட முடியாது என்று அவள் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவர் மேல்தளத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"கைய வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது இவளுவளுக்கு."

"அப்ப அடைப்ப எப்பங்க எடுக்கிறது?"

"மெஷின நிறுத்திட்டு எடுக்கணும்."

மேலே யாரோ சிரித்தார்கள். சின்னப்பிள்ளைதான். "நிறுத்துனா யாரு எங்கள வாழ விடறது? போன வாரம் நிறுத்துனதுக்கே அப்பன் ஆத்தாள இழுத்தீங்க. கரண்ட்டு போனா மட்டுந்தான் உங்களுக்கு எங்க மேல கோவம் வராது."

அமிர்தலிங்கம் வேணுகோபாலுக்குப் போன் போட உள்ளே போனார். பரிமளா திருப்புளியை எடுத்தாள். போர்டைக் கழற்றி, சோற்று டப்பாவைச் சுற்றியிருந்த துண்டில் பொதிந்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். போர்டு இல்லாமல் அந்த மில் அன்றைக்கு ஓடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது கோபம் யார்மேல் என்பதே அவளுக்குத் தெளிவாக இல்லை. அமிர்தலிங்கத்தின் மேலா? ஒயரை முறுக்கிய வேணுகோபாலின் மேலா? அந்த ஐ.சி. பொய் சொல்லவில்லை. பாதியில் விழிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் விழித்தது. அதைப் படித்தது அவள். சிரித்ததும் அவள். தங்கசாமி மகள், வீரம்மாள் மகள், கரண்ட் போனால் வேலைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாதவளா? தெரியும். அரும்பாவூர் அரைவை மில்லில் அம்மாவோடு போய் நின்ற நாட்களில் இதே மூடியை இதேபோல் இழுப்பதைப் பார்த்திருக்கிறாள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது எப்படி மறந்துபோனது? பரோட்டா தின்ற வாய்க்கு அது ஏன் வரவில்லை? நான்கு வருஷம் படித்தது இதை மறக்கத்தானா? யோசிக்க யோசிக்க எரிந்தது.

பட்டறையில் வேணுகோபால் காத்திருந்தார். அமிர்தலிங்கம் போனில் பேசிய பேச்சு இன்னும் அவர் காதில் கொதித்துக்கொண்டிருந்தது. யாரைக் கேட்டுக் கழற்றினாய் என்று ஆரம்பித்தவர், அவள் பேசாமல் போர்டை மேசையில் வைப்பதைப் பார்த்துக் குரலை இறக்கினார். புரோகிராமின் முதல் வரியிலேயே பூஜ்யம் அனுப்பச் சொல்லிவிடு, முத்திரையைப் பின்னால் காட்டலாம் என்றார். அந்த ரெண்டு செகண்டு குறையும் சார், முழுசாகப் போகாது என்றாள். சரி, தொட்டி தொட்டியாக ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம், கையை உள்ளே விடாதீர்கள், ஆபத்து என்று சிவப்பில் அச்சடிக்கிறேன், அப்புறம் நம்மேல் பேச்சு வராது என்றார்.

ஸ்டிக்கர். அந்தச் சொல்லில்தான் அவளுக்குக் கண் இருண்டது. கையை விட்டால்தான் சரக்கு விழும், விழாவிட்டால் வசவு விழும் என்ற இடத்தில் கையை விடாதே என்று ஒரு காகிதம். நாளைக்குக் கை போனால் அந்தக் காகிதம் வேணுகோபாலைக் காப்பாற்றும், அமிர்தலிங்கத்தைக் காப்பாற்றும், பரிமளாவையும் காப்பாற்றும். சின்னப்பிள்ளையைத் தவிர எல்லோரையும் காப்பாற்றும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கை வேலை செய்தது. சோதனைக்கென்று பட்டறையில் ஒரு சிறிய மோட்டாரும் அதன் முனையில் முழ நீளத் திருகும் இருந்தன. டிரைவை மாட்டினாள். ஓடச் சொல்லும் முனையை, அவர் மில்லில் செய்ததுபோலவே, சேர்த்து முறுக்கினாள். போர்டை இணைத்தாள். வேணுகோபால் என்ன செய்கிறாய் என்று இரண்டு தடவை கேட்டார். எல்லாம் முடிந்ததும் ஒரு கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"விரல வையுங்க சார்."

"என்னம்மா?"

"அந்தத் திருகுக்குள்ள விரல வையுங்க. நான் சுவிட்ச போடறேன். ரெண்டு செகண்டுதான். ஒரு கைப்பிடி தவிடு விழும், அவ்வளவுதான்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் கதவோரம் வந்து நின்றார்.

"நீங்க வைக்கலன்னா நான் வைக்கிறேன். நீங்க சுவிட்ச போடுங்க."

அவள் நிஜமாகவே இடது கையை நீட்டினாள். வேணுகோபால் பாய்ந்து வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் சுவிட்ச் ஆன் ஆகிவிட்டது. திரையில் கம்பெனி முத்திரை மெதுவாக மலர்ந்தது. அதற்குக் கீழே திருகு சடசடவென்று சுற்றி, முத்திரை மறைந்ததும் நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பைத்தியமாடி உனக்கு" என்றார் வேணுகோபால். அவர் அவளை 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நாலு வழி ஐ.சி. ரெண்டு ஆர்டர் போடு, அது எப்படி விழிக்கும் என்று கேட்டார். பூஜ்யத்தில் விழிக்கிற வகை இருக்கிறது சார், அதைத்தான் போடப்போகிறேன் என்றாள். அதோடு நிற்கவில்லை. அந்த முறுக்கிய ஒயரையும் பிரிக்க வேண்டும். ரிலே என்கிற தனிச் சுவிட்ச் ஒன்று வைத்து, ஆள் வந்து பச்சைப் பட்டனை அமுக்கிய பிறகுதான் ஓடு என்று சொல்ல வேண்டும். ஐ.சி. கெட்டுப்போனாலும் மோட்டார் அசையக் கூடாது. எட்டு ஒயர் என்று அவர் முணுமுணுத்தார். எட்டு ஒயர்தான் என்றாள்.

புது போர்டு தயாராகும்வரை பழைய ஸ்டார்ட்டர்களையே மாட்டி மில்லை ஓட்டினார்கள். தயாரானதும் வேணுகோபாலும் அவளும் சேர்ந்தே கொண்டுபோனார்கள். அங்கே போனதும் அவர் அமிர்தலிங்கத்திடம், எங்கள் கம்பெனி பாதுகாப்பு மாடல் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது, உங்களுக்குத்தான் முதலில் என்று சொல்லி அதற்குத் தனியாக விலையும் பேசிவிட்டார். பரிமளா பல்லைக் கடித்துக்கொண்டு ஒயர் மாட்டினாள். அன்றைக்கு மாட்டிய ஒயர்கள் அவ்வளவு நேர்த்தியாக இருந்தன.

சோதனைக்குக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. மதியத்துக்கு மேல் கரண்ட் தானாகவே போனது. மேலே கட்டைகள் விழுந்தன. மூடிகள் திறந்தன. சின்னப்பிள்ளை தோள்வரை கையை விட்டு, கன்னத்தைத் தகரத்தில் சாய்த்தாள்.

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் பரிமளா நின்றாள். பட்டறையில் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்கிறாள். இருந்தும் வலது கை கைப்பிடியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பேசாமல் இழுத்துவிடலாமா? இழுத்தால் தன் போர்டைத் தானே நம்பாதவள் ஆவாள். இழுக்காவிட்டால் அந்தக் கையை வைத்துப் பந்தயம் கட்டுகிறவள் ஆவாள். சோதிக்கிறவள் தன் கையை வைத்துச் சோதிக்க வேண்டும், அடுத்தவள் கையை வைத்து அல்ல. இழுத்துவிட்டாள். பிறகு படியேறி மேலே போனாள்.

"எந்திரிங்கக்கா. இத நான் எடுக்கிறேன்."

"ஒனக்கு எட்டாது ஆயி."

"எட்டும்."

முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். ஈரத் தவிட்டின் புளித்த வாடை. விரல் நுனியில் திருகின் விளிம்பு, கூராக, குளிர்ச்சியாக. கரண்ட் வந்ததும் மெயினைப் போடச் சொல்லி வேணுகோபாலிடம் கீழே குரல் கொடுத்தாள். அவர் தயங்கினார். போடுங்க சார் என்றாள்.

ஆபீஸ் மின்விசிறி சுற்றியது. டப்பென்று கைப்பிடி ஏறும் ஓசை. பேனலுக்குள் டிரைவுகள் ஒவ்வொன்றாகக் கீச்சிட்டு விழித்தன. திரையில் முத்திரை மலர்ந்து, மறைந்தது. விரலுக்கடியில் இரும்பு அசையவில்லை.

கட்டியைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள்.

சின்னப்பிள்ளை அதை வாங்கி உடைத்துத் தொட்டிக்குள் போட்டாள். எதுவும் நடக்காததால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. போன தடவை வந்து மெஷினை ரிப்பேர் ஆக்கிவிட்டுப் போன பொண்ணு இந்தத் தடவையாவது சரியாகச் செய்ததே என்று மற்றவர்களிடம் சொன்னாள். பிறகு பரிமளாவைப் பார்த்தாள்.

"என்னத்துக்கு மொறச்சிக்கிட்டே நிக்கிற? அதான் ஓடப்போவுதுல்ல."

பரிமளா திறந்திருந்த மூடியைப் பார்த்தாள். நாளைக்கு இவள் மறுபடியும் கையை விடுவாள். ரிலே ஒருநாள் ஒட்டிக்கொண்டு விடாமல் போகலாம். யாரோ ஒருவன் வந்து ஒயரை மறுபடி முறுக்கலாம். கை போகாமல் கோல் மட்டும் போகிற மாதிரி மூடிக்குப் பின்னால் ஒரு கம்பி வலை வேண்டும். மூடியைத் திறந்தாலே மோட்டார் செத்துப்போகிற மாதிரி ஒரு சுவிட்ச் வேண்டும். கீழே இறங்கி அமிர்தலிங்கத்திடம் கேட்டாள். பொங்கல் கழியட்டும், பார்க்கலாம் என்றார். வேணுகோபால் அவளைப் போகலாம் என்று ஜாடை காட்டினார்.

அவள் பையிலிருந்து அளவெடுக்கும் டேப்பை எடுத்தாள். மறுபடி படியேறிப் போய், முதல் தொட்டியின் மூடியைத் திறந்து, சின்னப்பிள்ளையின் கையில் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்தாள்.

"இறுக்கிப் புடிங்கக்கா" என்று சொல்லி மறுமுனையை இழுத்தாள்.